‘ஓகே’ என்றால் என்ன அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் தொழில் பக்கத்தில் பன்னாட்டு வணிக மேலாளர் ஆக விரும்பும் இளைஞர்களுக்கு என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. கோட்டு போட்ட பையன் ஒருவன் உலக உருண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு சிரிக்கிற படத்தோடு. ஆங்கிலத்தைத் தேற்றிக்கொள், முள்கரண்டி பிடிக்கப் பழகு, கண்ணைப் பார்த்துப் பேசு, கையை அழுத்திக் குலுக்கு, எந்த இடத்திலும் தயங்கி நிற்காதே என்று அடுக்கிக்கொண்டே போய், இதையெல்லாம் செய்தால் ‘குளோபல் மைண்ட்செட்’, அதாவது உலகளாவிய பார்வை, வந்துவிடும் என்று முடித்திருந்தார்கள். என் தங்கை மகன் தஞ்சாவூரில் எம்பிஏ படிக்கிறான். அவன் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, “மாமா, நீங்க இதெல்லாம் பண்ணீங்களா?” என்று கேட்டிருந்தான். பண்ணவில்லை. பண்ணிய ஒன்றிரண்டிலும் அடிதான் வாங்கினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீளமாகிவிட்டால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பேராவூரணிப் பக்கம். தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு ஒரு தூள் மிஞ்சும், ஒரு காலத்தில் நார் மில் வாசலில் அது மலைபோலக் குவிந்து கிடக்கும், யாராவது அள்ளிக்கொண்டு போனால் புண்ணியம் என்று இருந்தார்கள். இன்றைக்கு அதைக் கழுவி, களத்தில் காயவைத்து, இயந்திரத்தில் அழுத்தி ஐந்து கிலோ கட்டியாக்கி, கோகோபீட் என்ற பெயரில் தூத்துக்குடி வழியாக உலகம் முழுக்க அனுப்புகிறோம். மண்ணே இல்லாமல் அதில் ஸ்ட்ராபெர்ரியும் தக்காளியும் வளர்க்கிறார்கள். அப்படி ஒரு கம்பெனியில் கப்பல் காகிதங்கள் டைப் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்து, 22 வருஷம் கழித்து ஏற்றுமதி மேலாளராக வெளியே வந்தவன் நான். பெரிய படிப்பெல்லாம் இல்லை, பி.காம்.

2000-களின் நடுவில் ஒரு கோடை. நெதர்லாந்திலிருந்து ஒரு பையர், அதாவது எங்கள் சரக்கை வாங்குகிறவர், வந்திருந்தார். ஹேக் நகருக்குத் தெற்கே வெஸ்ட்லாண்ட் என்று ஒரு வட்டாரம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கண்ணாடிக் கூடாரங்கள், அங்கேயிருந்து. தேங்காய்த் தூளில் பொட்டாசியம், சோடியம் என்று உப்பு இருக்கும், கடலோரத் தோப்பு மட்டை என்றால் இன்னும் கூடுதல். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினால்தான் இறங்கும். அந்த உப்பின் அளவை இசி (மின்கடத்துத்திறன்) என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள், அவருக்கு 0.5-க்குள் வேண்டும். களத்தில் நின்றுகொண்டு, “வெள்ளிக்கிழமைக்குள் இந்த அளவுக்குக் கொண்டுவர முடியுமா?” என்று கேட்டார். எங்கள் முதலாளி தலையை ஆட்டி “ஓகே, ஓகே” என்றார். அந்தத் தலையாட்டல் உங்களுக்குத் தெரியும், ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்ற நானும் என் பங்குக்கு “நோ பிராப்ளம் சார்” என்றேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, போர் தண்ணீர் அந்த மாதம் உப்புக் கரிக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

பொய் சொன்னோமா? சத்தியமாக அப்படித் தோன்றவில்லை. வீடு தேடி வந்த மனுஷனிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதா? ‘ஓகே’ என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, எங்களால் ஆனதைப் பார்க்கிறோம் என்று அர்த்தம், இது யாருக்குத்தான் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

சரக்கு ரோட்டர்டாம் போய் இறங்கி, அளந்து பார்த்தால் 1.1. நஷ்ட ஈடு கேட்டுக் கிளெய்ம் வந்தது. கூடவே ஒரு மின்னஞ்சலும் வந்தது, அதை ரொம்ப நாள் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். உப்பு கூடுதலாக இருப்பதற்காக எனக்குக் கோபம் இல்லை, முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வேறு இடத்தில் வாங்கிச் சமாளித்திருப்பேன், முடியும் என்ற உங்கள் பேச்சை நம்பி நான் விவசாயிக்கு நடவு நாள் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். முதலாளி படித்துவிட்டு, “வாய்க் கொழுப்பைப் பாரு” என்றார். எனக்கும் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் “போதும், போதும்” என்று இலைக்கு மேல் கையை விரித்து மறைக்கிறார், பரிமாறுகிறவர் விரல் இடுக்கு வழியாகவே ஒரு கரண்டி பாயசத்தை விட்டுவிட்டுப் போகிறார், இரண்டு பேருக்கும் சந்தோஷம். ‘போதும்’ என்றால் இன்னும் ஒரு கரண்டி. மூன்றாவது ‘போதும்’ என்றால்தான் போதும். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அந்த இடத்தில் நம்ம நெதர்லாந்துக்காரர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு வருஷம் கழித்து நானே அவர் ஊருக்குப் போனபோது சிரிப்பு என் பக்கம் திரும்பியது. “காபி வேண்டுமா?” என்றார், முதல் தடவையே வாங்கிக் குடித்தால் அலைந்தான் மாதிரி இருக்குமே என்று “பரவாயில்லை, வேண்டாம்” என்றேன். அவர் சரி என்று தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம் அந்தக் காபி வாசனையிலேயே பேச்சுவார்த்தை நடந்தது.

இதுதான் நான் சொல்ல வருவது. இந்த உலகளாவிய பார்வை என்கிற சமாசாரத்துக்குக் கோட்டுக்கும் முள்கரண்டிக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, நமக்குச் சர்வசாதாரணம் என்று படுவது நம்ம ஊர்ச் சாதாரணம் மட்டும்தான் என்று பிடிபடுவது. அது பிடிபடாதவன் இருபது நாடு சுற்றினாலும் இருபது நாட்டிலும் ஆட்கள் விசித்திரமாக இருக்கிறார்கள் என்றுதான் வந்து சொல்வான். எனக்கு அது பிடிபட ஒரு கிளெய்மும் ஒரு பந்தியும் ஒரு காபியும் தேவைப்பட்டன.

அந்தப் பையரோடு அதற்குப் பிறகு 14 வருஷம் வியாபாரம் நடந்தது. நாங்கள் மட்டும் மாறவில்லை, அவரும் மாறினார். ‘முடியுமா?’ என்று கேட்பதையே விட்டுவிட்டு, ‘எப்படிச் செய்வீர்கள், தண்ணீர் எங்கிருந்து வரும், எத்தனை தடவை அலசுவீர்கள்?’ என்று கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்குத் தலையை ஆட்டிப் பதில் சொல்ல முடியாது. நாங்கள் மின்னஞ்சலில் ‘ஓகே’ போடுவதை நிறுத்தினோம். முடியும், முடியாது, புதன்கிழமை சொல்கிறேன், இந்த மூன்றில் ஒன்றுதான். மூன்றாவதைப் போட்டால் புதன்கிழமை சொல்லியாக வேண்டும், அதுதான் கஷ்டம்.

சரி, இனி ஜப்பான் கதை. இது என் அசட்டுத்தனம் முழுக்க வெளிப்பட்ட கதை. நெதர்லாந்துப் பாடம் படித்த மிதப்பில் இருந்தேன், வெளிநாட்டுக்காரன் என்றாலே நேர்ப் பேச்சுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். ஜப்பானிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் கட்டிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மூலை உடைந்திருக்கிறதா என்று பார்த்தார், சின்னவர் எழுதிக்கொண்டே இருந்தார். விலைப் பேச்சு வந்ததும் பெரியவர் பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, “கொஞ்சம் கடினம்” என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, உங்கள் கட்டுரையில் சொன்னபடியே கண்ணைப் பார்த்து, “வேண்டுமா, வேண்டாமா, வெளிப்படையாகச் சொல்லுங்கள்” என்றேன். அமைதி. அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து நானே விலையைக் குறைத்தேன். மறுபடி அமைதி. மறுபடி குறைத்தேன். மூலையில் எங்கள் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், அறுபது வயசு, மதுரையைத் தாண்டி எங்கேயும் போனதில்லை, ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவர் மெதுவாகத் தமிழில், “தம்பி, அவங்க வேணாம்னு சொல்லி அரைமணி நேரம் ஆச்சு, நீங்க ஏன் விலையைப் போட்டுக் கொல்றீங்க” என்றார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அப்புறம் கேட்டேன். “பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட பிடிக்கலைன்னு யாராவது சொல்லுவாங்களா? ‘பார்க்கலாம்’னுதான சொல்லுவாங்க. அந்த மாதிரிதான் மூச்சை இழுத்தாரு” என்றார்.

அதற்குப் பிறகு ஜப்பான் வழக்கங்களைத் தேடிப் படித்தேன். அங்கே நேமவாஷி என்று ஒரு சொல் இருக்கிறது. தோட்டக்காரர் சொல். மரத்தை ஓர் இடத்திலிருந்து பெயர்த்து இன்னோர் இடத்தில் நடுவதற்கு முன்னால் வேரைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் தயார்படுத்துவது. அலுவலகத்தில் அதன் பொருள், கூட்டம் கூடுவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசி ஒப்புதல் வாங்கிவிடுவது. கூட்டத்தில் புதிதாக எதுவும் முடிவாகாது, ஏற்கெனவே முடிவானதை எல்லோரும் சேர்ந்து அறிவிப்பார்கள், அவ்வளவுதான். எனக்குப் படித்ததும் நிச்சயதார்த்தம் ஞாபகம் வந்தது. நகை எவ்வளவு, மண்டபம் எங்கே, செலவு யாருடையது என்று மாமனும் சித்தப்பாவும் நாலு தடவை நடந்து பேசி முடித்திருப்பார்கள், நிச்சயதார்த்தத்தன்று லக்னப் பத்திரிகையை வாசிப்பார்கள். நடுச்சபையில் ஒருவன் எழுந்து “அந்த நகை விஷயம்...” என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதுதான். எட்டு மாதம் கழித்து அந்த ஜப்பான்காரர்கள் திரும்பி வந்தார்கள், கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே நான் சின்னவருக்கு மூலை உடையாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டிய மாதிரிகளை அனுப்பியிருந்தேன். விலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஆக, உங்கள் கட்டுரை சொன்ன ‘கண்ணைப் பார், தயங்காதே, அழுத்திக் குலுக்கு’ என்பதெல்லாம் உலக வழக்கம் அல்ல ஐயா. அது பெரும்பாலும் அமெரிக்க விற்பனையாளர்களின் ஊர் வழக்கம். நம்ம வழக்கத்தை விட்டுவிட்டு இன்னொரு ஊர் வழக்கத்தை மாட்டிக்கொள்வதை உலகளாவிய பார்வை என்று எப்படிச் சொல்வது?

இதைப் பற்றிப் படித்தவர்கள் எப்போதோ எழுதிவைத்திருக்கிறார்கள். 1969-இல் ஹோவர்ட் பெர்ல்மட்டர் என்கிற பேராசிரியர் பன்னாட்டு நிறுவன மேலாளர்களின் மனப்போக்கை மூன்றாகப் பிரித்தார். தாய்நாட்டு வழிதான் சரி என்பவர்கள் முதல் வகை. போன ஊர்க்காரர்களுக்குத்தான் அந்த ஊர் தெரியும், அவர்கள் போக்கிலேயே விட்டுவிடு என்பவர்கள் இரண்டாம் வகை. எந்த ஊரில் நல்ல யோசனையும் நல்ல ஆளும் கிடைத்தாலும் எடுத்துக்கொள் என்பவர்கள் மூன்றாம் வகை. முதல் வகை ஆள் பிளைட்டில் ஊறுகாய் பாட்டிலோடு போகிறவர், நானும் போயிருக்கிறேன், ஊறுகாயில் தப்பில்லை, அங்கே போய் ‘இவனுங்க சாப்பிடுறதெல்லாம் ஒரு சாப்பாடா’ என்பதில்தான் தப்பு. இரண்டாம் வகை பார்ப்பதற்குப் பெருந்தன்மையாகத் தெரியும், உள்ளே போய்ப் பார்த்தால் பாதி சோம்பேறித்தனம். அவன் ஊர், அவன் பாடு என்று கைகழுவுவது.

மூன்றாம் வகை எப்படி இருக்கும் என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். அதே நெதர்லாந்து பையர், ஒருமுறை எங்கள் களத்தில் தூள் கிளறிக்கொண்டிருந்த ஆளிடமே நேராகப் போய், “இது ஏன் சீராகக் காயவில்லை?” என்று கேட்டார். அந்த ஆள் பதில் சொல்லாமல் முதலாளி முகத்தைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஏதோ உளறினேன். காரணம் அந்த ஆளுக்குத் தெரியும், களத்தின் வடக்கு ஓரம் தாழ்ந்திருக்கிறது, இரவுப் பனித் தண்ணீர் அங்கே தேங்குகிறது, பிற்பாடு என்னிடம் தனியாகச் சொன்னார். முதலாளிக்கு முன்னால் களம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்று ஒருவர், அவரும் நெதர்லாந்துக்காரர்தான், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து இதற்கு ஓர் அளவுகோலே போட்டார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்தை எந்தச் சமூகம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கில் இந்தியாவுக்கு 77, நெதர்லாந்துக்கு 38. எம்பிஏ மாணவர்கள் இந்த எண்களை மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு இதில் ஒரு முணுமுணுப்பு உண்டு. 77 என்றால் எந்த இந்தியா? ஒரே கம்பெனியில் வேலை பார்த்த படித்தவர்களின் சராசரி அது. மன்னார்குடிக்கும் ஷில்லாங்குக்கும் ஒரே எண் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை அதற்குள் அடைக்கப் பார்த்தால், அதற்கு ஊறுகாய் பாட்டிலே மேல். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் களத்து ஆள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதை ஒரு வேலை விஷயமாக யோசிக்கவே ஆரம்பித்தேன்.

நெதர்லாந்துக்காரர் மாதிரி எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், முதலாளியை எதிர்த்துப் பேசுங்கள் என்றால் பேராவூரணியில் நடக்காது. செய்தது இதுதான்: திங்கள்கிழமை காலை டீ நேரத்தில் புளியமரத்தடியில் களத்து ஆட்களோடு நான் மட்டும் உட்கார்ந்துகொள்வது, முதலாளி அந்தப் பக்கம் வரக்கூடாது, அவரே இதற்குச் சம்மதித்தார், அதை நான் மறக்க முடியாது. முதல் மாதம் யாரும் பேசவில்லை. இரண்டாவது மாதம் வடக்கு ஓரத்துக்கு மண் அடித்து உயர்த்தினோம். மூன்றாவது மாதம் ஒரு அம்மா சொல்லி, அலசும் தொட்டியின் வடிகாலை இடம் மாற்றினோம், தண்ணீர் செலவு கண்கூடாகக் குறைந்தது. இதை நெதர்லாந்துப் பழக்கம் என்று சொல்ல முடியாது, எங்கள் பழைய பழக்கமும் இல்லை. மூன்றாம் வகை என்று நான் சொன்னது இதைத்தான்.

இப்போது என்னை மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன், இதை நீங்கள் வெட்டாமல் போட்டால் நல்லது. நம்ம டெல்டாவில் நார் மில்லிலும் அரிசி ஆலையிலும் இன்றைக்குப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். நடவுக்கே மேற்கு வங்காளத்திலிருந்து குழு குழுவாக வருகிறார்கள். ரோட்டர்டாம் பையருக்கு எந்த மதுவகை பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிற மேலாளருக்கு, எட்டு வருஷமாகத் தன் களத்தில் மூட்டை தூக்குகிறவனின் பெயர் தெரியாது. ‘இந்திக்காரன்’, ‘ஏய் பையா’. நானும் அப்படித்தான் இருந்தேன், யோக்கியன் வேஷம் போடவில்லை. ஒவ்வொரு வருஷமும் தீபாவளி முடிந்த கையோடு அவர்கள் கும்பலாக ஊருக்குப் போய்விடுவார்கள், அந்த நேரம் பார்த்து இரண்டு கன்டெய்னர் நிற்கும், ‘சொல்லாம கொள்ளாம ஓடிட்டானுங்க’ என்று நானும் மற்ற கம்பெனிக்காரர்களும் போனில் மாறி மாறிப் புலம்புவோம். தீபாவளிக்கு ஆறாம் நாள் சத் பூஜை. பீகார்க்காரருக்கு நமக்குப் பொங்கல் மாதிரி. எங்கேயோ இருக்கிற சீனாவின் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் மூடிவிடும் என்று நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிற நான், என் களத்தில் நிற்கிற மனுஷனின் பண்டிகையைக் குறிக்கவில்லை. ‘திடீரென்று’ என்று நான் சொன்னது வருஷா வருஷம் பஞ்சாங்கத்தில் இருக்கிற நாள். அடுத்த வருஷத்திலிருந்து அந்தப் பத்து நாளுக்கு லோடு போடுவதில்லை, அதற்கு முன்னாலேயே போட்டுவிட்டோம், அவர்களுக்கு ரயில் டிக்கெட்டும் கம்பெனியே எடுத்துக் கொடுத்தது. போனவர்களில் திரும்பி வராதவர்கள் குறைந்தார்கள். வெள்ளைத் தோலுக்கு மட்டும் திறக்கிற மனசை என்ன பெயர் வைத்து அழைப்பது என்று உங்கள் கட்டுரையாளரே சொல்லட்டும்.

அவர் கட்டுரையைத் தொடங்கிய விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘கடாரம் கொண்ட ராஜேந்திரனின் வாரிசுகள் நாம், யாதும் ஊரே என்றவர்கள் நாம்’ என்று மேடைப் பேச்சு மாதிரி ஆரம்பித்திருந்தார். 1025-இல் படையோடு போனதை வணிக மேலாளருக்கு எதற்கு உதாரணமாகக் காட்ட வேண்டும்? பையரைச் சூறையாடிவிட்டு வரவா? அதற்கு ஒரு தலைமுறை முன்னால் நாகப்பட்டினத்தில் நடந்ததைக் காட்டியிருக்கலாம். கடலுக்கு அப்பால் சுமத்ரா, மலேயா பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் ஒருவன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு பௌத்த விகாரம் கட்டுகிறான், பெரிய கோயில் கட்டிய அதே ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரத்துக்கு எழுதிவைக்கிறான். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர். துறைமுகத்துக்கு வருகிற வணிகன் தன் சாமியைக் கும்பிட ஓர் இடம் வேண்டும் என்று யாரோ ஒருவர் அன்றைக்கு யோசித்திருக்கிறார். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர்ப் பக்கத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தலைமுறையாகப் போய்வந்த குடும்பங்களிடம் கேட்டிருந்தாலும் கட்டுரைக்கு நல்ல சரக்கு கிடைத்திருக்கும்.

இன்னொன்று, இது என் அனுபவத்தில் நம்ம பக்கத்து ஆட்களுக்கு இருக்கிற பெரிய வசதி. கடைமடை விவசாயி காலையில் உங்கள் நாளிதழைப் பிரித்ததும் முதலில் எதைப் பார்க்கிறார்? மேட்டூர் எத்தனை அடி. அப்புறம் கபினி, கிருஷ்ணராஜ சாகர். குடகில் மழையா என்று டிவியில் பார்ப்பார். கண்ணால் பார்த்திராத ஊரில் பெய்கிற மழையும், தனக்குத் தெரியாத ஆட்கள் எடுக்கிற முடிவும் தன் வயலுக்கு வந்து சேரும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் ஒரு கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் வழியடைத்தபோதும், 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் ஆரம்பித்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோதும், எங்கள் கம்பெனியில் முதலில் விளங்கிக்கொண்டது எங்கள் ஓட்டுநர். “மதகை அடைச்சுட்டாங்க, அவ்வளவுதான சார்” என்றார். அவர் கடைமடைக்காரர்.

அந்த நெதர்லாந்துக்காரரைக் கல்லணைக்குக் கூட்டிக்கொண்டு போனபோதும் இதைப் பார்த்தேன். அவர் நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே, அதுவும் டெல்டாதான், ரைனும் மியூஸும் கடலில் சேருகிற இடம். 1953 பிப்ரவரியில் கடல் உள்ளே புகுந்து 1,800 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தண்ணீரை நிர்வகிக்கத் தனியாகத் தேர்தல் வைத்து வாரியம் அமைக்கிற ஊர். கோயில், சிற்பம் எல்லாவற்றையும் மரியாதைக்குப் பார்த்தவர் கல்லணையில் ஒரு மணி நேரம் நின்றார். யார் எந்த ஆற்றை எப்போது திறப்பது என்று முடிவு செய்வது, முறை வைத்து விடும்போது கடைசியில் இருக்கிறவன் ஏமாற்றப்பட்டால் எங்கே போய்ச் சொல்வான் என்று கேள்விமேல் கேள்வி. எங்களுக்குள் முதல் முறையாக வியாபாரம் இல்லாத பேச்சு அன்றைக்குத்தான் நடந்தது. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்து, தோப்பெல்லாம் சாய்ந்து, எங்கள் கொட்டகைக் கூரை பறந்து, கரண்டு இல்லாமல் கிடந்தபோது, தஞ்சாவூர் வரை போய் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: மூன்று மாதம் சரக்கு வராது. பதில் அன்றைக்கே வந்தது. வருத்தம் தெரிவித்து நாலு வரி, ஆர்டரை ரத்து செய்து ஒரு வரி, ஒரே மின்னஞ்சலில். முதலாளி உடைந்துபோனார். எனக்கு அது புண்படவில்லை, எங்கள் ‘முடியாது’க்கு அவர் கொடுத்த பதில் அது. மார்ச்சில் ஆர்டர் திரும்பி வந்தது.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. மேட்டூர் நீர்மட்டம் போடுகிற அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை இன்னொரு சின்னக் கட்டம் போடுங்கள். அந்த வாரம் எந்த நாட்டில் விடுமுறை, ஜப்பானில் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் வரிசையாக லீவு, ஐரோப்பாவில் ஆகஸ்டில் பாதி ஆபீஸ் காலி, எமிரேட்ஸில் 2022-லிருந்து அரசு விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது ஆனால் பக்கத்திலிருக்கும் சவூதியில் வெள்ளி, சனிதான், சத் பூஜை எந்தத் தேதி, இந்த மாதிரி. அமெரிக்காக்காரர் 05/06 என்று எழுதினால் மே 6, ஜூன் 5 அல்ல என்பதையும் ஒரு தடவை போட்டுவிடுங்கள், அதில் ஏமாந்தவர்கள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன் மட்டும் இருக்க முடியாது. கோட்டு போட்ட பையன் படத்துக்கு ஒதுக்கிய இடம் இதற்குத் தாராளமாகப் போதும்.

என் தங்கை மகனுக்கும் பதில் அனுப்பிவிட்டேன். செமஸ்டர் லீவில் பேராவூரணிக்கு வந்து ஒரு மாதம் களத்தில் பீகார் ஆட்களோடு லோடு ஏற்று, புளியமரத்தடியில் உட்கார், சாப்பாடு நம்ம வீட்டில் என்று எழுதினேன். “பார்க்கலாம் மாமா” என்று பதில் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
தென்னைநார் ஏற்றுமதியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர்,
பேராவூரணி, தஞ்சாவூர் மாவட்டம்.